கறுப்பு மணல்

காத்திருக்க வைப்பது என் தொழில். பத்திரிகையில் தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவன் வேறென்ன செய்கிறான்? கதாநாயகி கதவைத் திறக்கிறாள். உள்ளே நிற்பது யார் என்று தெரிவதற்குள் 'அடுத்த இதழில்' என்று போட்டுவிட்டு நான் காப்பி குடிக்கப் போய்விடுவேன். வாசகர்கள் ஒரு வாரம் காத்திருப்பார்கள். சிலர் திட்டிக் கடிதம் எழுதுவார்கள். அந்தக் கடிதங்களைப் படிக்கும்போது மனத்துக்குள் ஒரு கர்வங்கூட உண்டாகும்.

அந்தக் கர்வம் 2012-ஆம் வருஷத்தோடு போயிற்று. அந்த வருஷம் நானே நான்கு நாட்கள் காத்திருந்தேன். என்னைக் காக்க வைத்தது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறு குப்பி.

இதைப் பற்றி இத்தனை வருஷமாக நான் எழுதவில்லை. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். சென்ற மாதம் என் அக்காவின் மகள் வேலை செய்கிற சோதனைச்சாலைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு காட்சியைப் பார்த்தேன். பார்த்த பிறகு எழுதாமலிருக்க முடியவில்லை. விஞ்ஞானக் கட்டுரை எழுதுகிற யோக்கியதை எனக்கில்லை. கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றுவிட்டவன் நான். ஆகையால் எனக்குத் தெரிந்த முறையில், கதை சொல்வதுபோலவே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கொள்ளிடக் கரையில் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் ஓடும் நாட்களைவிட மணல் கிடக்கும் நாட்களே அதிகம். அப்பாவின் பழைய ரேடியோ ஒரு நாள் நிரந்தரமாக மௌனம் சாதித்துவிட்டது. அப்பா அதைப் பரணில் போடச் சொன்னார். அக்கா பரணில் போடுவதற்கு முன்னால் அதன் வயிற்றைக் கிழித்து, ஒலிபெருக்கியின் அடியில் இருந்த காந்தத்தை எடுத்துவிட்டாள். வட்டமாக, நடுவில் ஓட்டையோடு, கரிந்துபோன உளுந்து வடை மாதிரி இருக்கும் அது. அவளுக்கு அப்போது 13 வயது, எனக்கு 7.

அந்த வடையில் ஒரு கயிற்றைக் கட்டி, ஆற்று மணலில் இழுத்துக்கொண்டே நடப்போம். இருபது அடி போவதற்குள் காந்தத்துக்கு மீசை முளைத்துவிடும். கன்னங்கரேலென்று, பொடிப்பொடியாக, சிலிர்த்துக்கொண்டு நிற்கும் மீசை. அதை வழித்துத் தீப்பெட்டியில் சேர்ப்போம். வீட்டுக்கு வந்ததும் ஒரு காகிதத்தின் மேல் கொட்டி, அடியில் காந்தத்தை நகர்த்தினால் தூள் எழுந்து நிற்கும், படுக்கும், அணிவகுத்துப் போகும். அக்கா அதற்குப் 'படை' என்று பெயர் வைத்திருந்தாள். வெள்ளை மணலில் ஒளிந்திருக்கிற கறுப்பு மணலை, ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுக்க உலகத்தில் வேறு யாராலும் முடியாது என்று அவளுக்கு நிச்சயம்.

ஒரு நாள் அரிவாள்மணையில் விரலை நறுக்கிக்கொண்டேன். ரத்தத்தில் இரும்பு இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அழுவதை நிறுத்திவிட்டு விரலைக் காந்தத்தருகே கொண்டுபோனேன். ஒன்றும் நடக்கவில்லை.

"ஏன்க்கா இழுக்கலே?" என்றேன்.

"அது கரைஞ்ச இரும்புடா. காந்தத்துக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது" என்றாள் அக்கா, விரலில் மஞ்சளை அப்பிக்கொண்டே.

பிற்பாடு எத்தனையோ படித்தவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அவள் சொன்ன பதில் ரொம்பத் தப்பில்லை என்றே தெரிகிறது.

*

2012-இல் அக்காவுக்கு நாற்பது வயது. ஒரு நாள் ராத்திரி வயிற்றுவலி என்றாள். சாதாரண வலி என்று கஷாயம் போட்டுக் குடித்தாள். விடிவதற்குள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்படி ஆயிற்று. குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்றார்கள். உடனே ஆபரேஷன். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. எட்டாம் நாள் மறுபடி ஜுரம் வந்தது. மருந்தை மாற்றினார்கள். ஜுரம் போகவில்லை. இன்னும் பெரிய மருந்தாகப் போட்டார்கள். ஜுரம் அப்படியே நின்றது.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நிதானமானவர், நல்லவர். அத்தான் அந்தச் சமயத்தில் எதையும் காதில் வாங்கிக்கொள்ளும் நிலையில் இல்லை. ஆகவே எல்லாத் தீர்மானமும் என் தலையில் விழுந்திருந்தது.

"ரத்தத்தில் பூஞ்சை கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுகிறேன்" என்றார் டாக்டர். "ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பியிருக்கிறோம். முடிவு தெரிய சில நாட்களாகும். நான் சந்தேகத்தின் பேரிலேயே மருந்தை ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் இப்போது கையில் கிடைக்கிற மருந்து பழைய மருந்து. சிறுநீரகத்தைப் படுத்தும். உங்கள் அக்காவுக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே சோர்ந்து போயிருக்கிறது. மிதமான புது மருந்து ஒன்று உண்டு. வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

பூஞ்சை என்றால் எனக்குத் தெரிந்தது மழைக்காலத்தில் தோல்செருப்பின் மேல் பூக்கிற பச்சை. உப்புப் போதாத ஊறுகாயின் மேல் படர்கிற வெள்ளை. அது ரத்தத்தில் இருக்கும் என்பதை என் மனம் ஏற்கவில்லை. சிறுநீரகம் கெட்டுவிடும் என்பதையோ உடனே ஏற்றுக்கொண்டது. எங்கள் தெருவில் அப்படி ஒருவர் வாரத்துக்கு மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டிருந்தார். அவருடைய வீங்கிய முகம் கண்முன் வந்து நின்றது.

"முடிவு வரட்டுமே, டாக்டர்" என்றேன்.

இந்த மூன்று வார்த்தைகளைத்தான் இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொல்லவில்லை.

குப்பிக்குள் அக்காவின் ரத்தத்தை விட்டுச் சூடான அறையில் வைத்துவிட்டார்கள். அதற்குள் கிருமி இருந்தால், அது தின்று பெருகி, கண்ணுக்கும் கருவிக்கும் தெரிகிற அளவுக்கு வளர்ந்து தலைகாட்ட வேண்டும். அதுவரைக்கும் நாம் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து ஒரு தாள் வந்தது. 'இதுவரை வளர்ச்சி இல்லை' என்று போட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அத்தானிடம் காட்டினேன். "ஒண்ணும் இல்லையாம் அத்தான்!" என்றேன். அத்தான் அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றைக்குத்தான் இருவரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

நான்காம் நாள் சாயங்காலம் குப்பியில் வளர்ச்சி தெரிந்தது. 'காண்டிடா' என்றார்கள். அன்று ராத்திரியே மருந்து ஏறியது. மூன்றாம் நாள் விடியற்காலை அக்கா போய்விட்டாள்.

டாக்டர் மீதோ ஆஸ்பத்திரி மீதோ எனக்கு இன்றைக்கும் குறையில்லை. அவர் கேட்டார், நான் வேண்டாமென்றேன்.

*

காண்டிடா எங்கிருந்தோ வந்த பகைவன் அல்ல என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். நம்மில் எத்தனையோ பேருடைய வாயிலும் குடலிலும் அது சாதுவாகக் குடியிருக்கிறது. வாசல் திண்ணையில் வாடகைக்கு இருக்கிற குடித்தனக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அக்கம்பக்கத்தில் பாக்டீரியாக் கூட்டம் இருக்கிறவரை அவர் தம் இடத்தை விட்டு நகரமாட்டார். கடுமையான மருந்துகளால் அந்தக் கூட்டம் அழிந்து, குடலிலும் ஓட்டை விழுந்து, கழுத்து நரம்பில் மருந்து ஏற்றுகிற குழாயும் நாள்கணக்கில் இருந்தால், அவர் கூடத்துக்கு வந்துவிடுகிறார். அக்காவுக்கு இந்த மூன்றும் இருந்தன.

அவரை வெளியேற்றுவது ஏன் அத்தனை கஷ்டம்? உயிர்களின் வம்சாவளியைப் பார்த்தால், பாக்டீரியாவைவிடப் பூஞ்சை நமக்கு நெருங்கிய உறவாம். பங்காளி! பாக்டீரியாவின் உடலமைப்பு வேறு, நம் உடலமைப்பு வேறு. ஆகவே அதை மட்டும் தாக்குகிற மருந்து சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. பூஞ்சையின் அணுவோ நம் அணுவைப் போலவே கட்டப்பட்டது. டாக்டர் சொன்ன அந்தப் பழைய மருந்துக்கு ஆம்போடெரிசின் என்று பெயர். 1950-களில், வெனிசூலா தேசத்தில் ஓரினாகோ நதிக்கரை மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்தார்கள். பூஞ்சை அணுவின் தோலில் எர்கோஸ்டெரால் என்று ஒரு கொழுப்பு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு அணுவைக் குலைத்துவிடும் இந்த மருந்து. ஆனால் நம் அணுவின் தோலில் இருக்கிற கொலஸ்டெரால் அதற்குச் சொந்தக்காரனாயிற்றே! மருந்து அதையும் கொஞ்சம் பதம் பார்த்துவிடுகிறது. பங்காளி வீட்டுக்குத் தீ வைத்தால் நம் கூரையும் பற்றிக்கொள்ளும் அல்லவா? அந்தக் கதைதான்.

இன்னொரு விஷயத்தையும் படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம். அமெரிக்காவில் நான்கு மருத்துவ நிலையங்களில் இந்த நோய் கண்ட 230 பேருடைய குறிப்புகளை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டிருக்கிறார்கள். கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த அன்றே மருந்து ஆரம்பித்தவர்களில் 100-க்கு 15 பேர் இறந்தார்கள். ஒரு நாள் தள்ளி ஆரம்பித்தவர்களில் 24 பேர். இரண்டு நாள் தள்ளினால் 37. மூன்று நாளும் அதற்கு மேலும் என்றால் 41. நான் தள்ளியது நான்கு நாள். கணக்கில் நான் எப்போதுமே மக்கு. இந்தக் கணக்கை மட்டும் மறக்க முடியவில்லை.

*

அக்கா போனபோது அவள் மகளுக்கு 14 வயது. இப்போது ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. என்ன ஆராய்ச்சி என்று கேட்டால், "நானோத் துகள், மாமா" என்பாள். நானும் தலையை ஆட்டிவிடுவேன். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வந்து பாருங்க மாமா, ஒரு மணி நேரம்தான்" என்று பிடிவாதமாக அழைத்துப் போனாள்.

ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பழுப்பு மஞ்சளாக ஒரு திரவம். இன்னொன்றில் வெளிறிய பச்சை. இரண்டும் இரும்பு உப்புகள்தாம் என்றாள். இரண்டையும் கலந்து சூடாக்கி, மூக்கைத் துளைக்கிற அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஒரு நொடிதான். பாத்திரம் முழுவதும் மையாகக் கறுத்துவிட்டது. நான் இரண்டடி பின்வாங்கிவிட்டேன்.

"பயப்படாதீங்க மாமா. இது மாக்னடைட். ஆத்து மணல்லே காந்தத்தை இழுத்தா ஒட்டுமே, கறுப்பா? அதேதான். ஆனா இது ரொம்பப் பொடி."

எவ்வளவு பொடி என்று கேட்டேன். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். அவள் செய்த துகள் அப்படிப்பட்ட பத்துப் பதினைந்து பங்குதான் இருக்குமாம். காண்டிடாவின் ஓர் அணு 5,000 பங்கு. யானை மேல் கடுகு!

அப்புறம் கைப்பையைத் திறந்து ஒன்றை எடுத்தாள். கரிந்த உளுந்து வடை.

"அம்மாவோடது. லேப்லே நல்ல காந்தமெல்லாம் இருக்கு. ஆனா முதல்லே நான் இதைத்தான் வச்சுப் பாத்தேன்" என்றாள்.

அதைப் பாத்திரத்தின் பக்கவாட்டில் வைத்தாள். கறுப்புத் திரவம் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தது. சிறிது நேரத்தில் கறுப்பெல்லாம் காந்தத்தருகே ஒட்டிக்கொண்டு, மீதி நீர் தெளிந்துவிட்டது. நான் பேசவில்லை. பேச்சு வரவில்லை என்பதே நிஜம்.

"ரத்தத்துக்குள்ளே இதைப் போட்டா, ரத்தத்திலே இருக்கிற இரும்பும் சேர்ந்து வந்துடாதா?" என்று கடைசியில் கேட்டேன், பழைய கேள்வியை.

"வராது மாமா. ரத்தத்திலே இரும்பு ஒத்தை ஒத்தை அணுவாப் புரதத்துக்குள்ளே பூட்டியிருக்கு. காந்தம் அதை அசைக்காது. அதனாலேதான் இந்த வித்தையே சாத்தியம். காந்தம் கூப்பிட்டா, இந்தக் கறுப்புத் துகள் மட்டும் ஓடி வரும், அது எதைப் பிடிச்சிருக்கோ அதையும் இழுத்துக்கிட்டு."

இன்னொன்றும் சொன்னாள். இத்தனை சின்னதாக இருக்கிற துகள், காந்தம் பக்கத்தில் இருக்கிறவரைதான் காந்தத்தன்மையோடு இருக்குமாம். காந்தத்தை எடுத்துவிட்டால் மறந்துவிடுமாம். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் இருப்பதற்கு அந்த மறதி மிகவும் அவசியம் என்றாள்.

ரொட்டி செய்கிற ஈஸ்ட்டும் ஒரு பூஞ்சைதான். ஆனால் நோய் தராத நல்ல பூஞ்சை. அதைத் தண்ணீரில் கரைத்து, தகுந்த பூச்சுக் கொடுத்த துகள்களைக் கலந்து, மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். உருண்டை உருண்டையாக அணுக்கள். துகள் தனித்தனியாகத் தெரியாது. கூட்டமாகச் சேர்ந்தால் தெரியும். ஒவ்வோர் உருண்டையின் ஓரத்திலும் கறுப்பாக, குழந்தைக்குக் கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டு மாதிரி இருந்தது. காந்தத்தை அருகே கொண்டுவந்தாள். பொட்டு வைத்துக்கொண்ட குழந்தைகளெல்லாம் ஒரே பக்கமாக நகர ஆரம்பித்தன.

*

கொல்லாமலே வெளியேற்றுவது என்பதுதான் இதன் சூட்சுமம். பங்காளிக்கு விஷம் வைத்தால் நமக்கும் ஆபத்து. கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டால்?

அமெரிக்காவில் டொனால்ட் இங்பர் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் இதை 2009-இலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். மனித ரத்தத்தில் வேண்டுமென்றே காண்டிடாவைக் கலந்தார்கள். அதைப் பற்றிக்கொள்ளும்படி செய்த காந்த நுண்மணிகளைச் சேர்த்து, மயிரிழை போன்ற கால்வாய்களில் ரத்தத்தை ஓடவிட்டு, பக்கத்தில் காந்தப் புலத்தை வைத்தார்கள். மணிக்கு 20 மில்லிலிட்டர் ரத்தம் ஓடிற்று. பூஞ்சையில் 100-க்கு 80-க்கு மேல் பிரிந்து வந்துவிட்டது. 2014-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கிருமிகளின் மேல் இருக்கிற சர்க்கரையைத் தடவிப் பார்த்துப் பிடித்துக்கொள்கிற ஒரு புரதம் நம் எல்லார் ரத்தத்திலும் இயற்கையாகவே உண்டு. அதைத் திருத்தி அமைத்துக் காந்த நானோமணிகளின் மேல் பூசினார்கள். இன்ன கிருமி என்று பெயர் தெரியாவிட்டாலும் அது பிடித்துக்கொள்ளும். நம் உடம்பில் ரத்தத்தை வடிகட்டுகிற மண்ணீரலின் நினைவாக அந்தக் கருவிக்குப் பெயர் வைத்தார்கள். பாக்டீரியா ஏற்றப்பட்ட எலிகளின் ரத்தத்திலிருந்து 100-க்கு 90-க்கு மேல் அது நீக்கிவிட்டது.

இதைக் கேட்டதும் நான் கதாசிரியனாகிவிட்டேன். அக்காவின் கட்டிலருகே அந்தக் கருவியை மனத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். மருமகள் விடவில்லை.

"மணிக்கு 20 மில்லின்னா, அஞ்சு லிட்டர் ரத்தம் ஒரு தடவை சுத்தி வர எத்தனை மணி நேரம்? கணக்குப் போடுங்க."

போட்டேன். 250 மணி நேரம். பத்து நாளுக்கு மேல்.

"எலிக்குச் சரியாப் போறதெல்லாம் மனுஷனுக்குச் சரியாப் போறதில்லே மாமா. அதோட, ரத்தத்திலே மிதக்கிறதைத்தானே காந்தம் எடுக்கும்? கண்ணிலேயும் சிறுநீரகத்திலேயும் போய் வேர்விட்டதை எடுக்காதே. மருந்தும் கூடவே வேணும்" என்றாள்.

ஆனால் இதே துகள் வேறொரு வேலையும் செய்கிறதாம். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஓர் உற்சாகம் வந்தது. வெளியேற்றுவது பிறகு; முதலில் அவர் உள்ளே இருக்கிறாரா என்று கண்டுபிடிக்க வேண்டாமா? சில மில்லிலிட்டர் ரத்தத்தை எடுத்து, அதிலிருக்கிற பூஞ்சை அணுவை உடைத்து, அதன் டி.என்.ஏ.யைப் பல பிரதிகள் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பிரதியை மட்டும் அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் கொக்கிகளை நானோத் துகள்களின் மேல் பொருத்தியிருப்பார்கள். பூஞ்சை இருந்தால் துகள்கள் கும்பலாகச் சேர்ந்துவிடும். கும்பலானதும், சுற்றியிருக்கிற தண்ணீர் காந்தப் புலத்தில் நடந்துகொள்கிற விதம் மாறிவிடும். எம்.ஆர்.ஐ. படம் எடுக்கிறார்களே, அதே தத்துவம். கருவி அந்த மாற்றத்தைப் பார்த்துப் பூஞ்சையின் பெயரைச் சொல்லிவிடும். ஒரு மில்லிலிட்டரில் ஒன்றிரண்டு அணு இருந்தாலும் போதும். கிருமி வளர்ந்து தலைகாட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த முறையில் அமைந்த ஒரு பரிசோதனைக்கு 2014 செப்டம்பரில் அமெரிக்க அரசாங்கம் அனுமதி அளித்தது.

"எத்தனை நாளாகும்?" என்றேன்.

"நாளா? நாலரை மணி நேரம் மாமா."

நான் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அதுவும் எல்லாத்தையும் சொல்லிடாது" என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். "காண்டிடாவிலே அஞ்சு வகையைத்தான் சொல்லும். 2009-லே ஜப்பான்லே ஒரு நோயாளியோட காதிலேருந்து புதுசா ஒண்ணைக் கண்டுபிடிச்சாங்க. ஆரிஸ்னு பேரு. இந்தியாவிலேயும் இருக்கு. பல மருந்துக்கு அசையாது. அது அந்த அஞ்சிலே இல்லே. ஆனாலும் கல்ச்சரை மட்டும் நம்பி இருக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல். இந்த நோய் வந்தவங்கள்ளே பாதிப் பேருக்குத்தான் கல்ச்சர் காட்டிக் கொடுக்கும். மீதிப் பாதிப் பேருக்கு 'வளர்ச்சி இல்லை'ன்னு தாள் வந்துடும்."

அத்தான் கண்ணில் ஒற்றிக்கொண்ட தாள் என் நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். டாக்டர் என்னைக் கூப்பிட்டது, மருந்தை ஆரம்பிக்கலாம் என்றது, தெருவில் பார்த்த வீங்கிய முகம், 'முடிவு வரட்டுமே' என்றது, எல்லாவற்றையும் சொன்னேன். தொடர்கதை எழுதுகிறவன், ஒரு நிறுத்தமும் இல்லாமல் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவள் கையிலிருந்த காந்தத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். என்னைக் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

"அப்பா ஒரு தடவை சொல்லியிருக்காரு" என்றாள் மெதுவாக.

அத்தானுக்குத் தெரிந்திருக்கிறது! இத்தனை வருஷமாக, தீபாவளிக்குத் தீபாவளி எனக்கு வேஷ்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொன்னதில்லை அந்த மனிதர்.

"அன்னிக்கே மருந்து போட்டிருந்தா அம்மா பிழைச்சிருப்பாங்களான்னு நானும் நிறையப் படிச்சுப் பாத்தேன் மாமா. சொல்ல முடியலே. போட்டவங்கள்ளேயும் போனவங்க உண்டு. போடாம இருந்து பிழைச்சவங்களும் உண்டு. அம்மா எந்தப் பக்கம் இருந்திருப்பாங்கன்னு யாராலேயும் சொல்ல முடியாது. ஆனா அந்தக் கேள்வியை உங்ககிட்டே கேட்டிருக்கவே கூடாது. அன்னிக்கு அவங்ககிட்டேயும் வேற வழி இல்லே. நாலு மணி நேரத்திலே பதில் தெரிஞ்சா யாரும் யாரையும் அப்படிக் கேட்க வேண்டி வராது. அதுக்குத்தான் இதைப் படிக்கிறேன்."

ஆறுதல் சொல்கிறாளா, உண்மையைச் சொல்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது.

2022 அக்டோபரில் உலக சுகாதார ஸ்தாபனம், மனிதர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய 19 பூஞ்சைகளுக்கு ஒரு ஜாபிதா வெளியிட்டது. இப்படி ஒரு ஜாபிதா அதுதான் முதல் தடவை. அதில் மிகவும் ஆபத்தானவை என்று தலைப்பில் வைத்த நான்கில் இரண்டு காண்டிடா வகைகள். செருப்பிலும் ஊறுகாயிலும் பார்த்து அலட்சியமாகத் துடைத்துப் போடுகிற ஜாதியை, ரத்தத்தில் இருக்கும் என்று நம்ப மாட்டேன் என்று நான் மட்டுந்தான் சொன்னேன் என்பதில்லை. உலகமே ரொம்ப நாளாக அப்படித்தான் இருந்திருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஒருவர், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கக்கூடும். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு, பெரிய மருந்துகளுக்குப் பிறகும், ஜுரம் போகாமல் அப்படியே நின்றால், "பூஞ்சையாக இருக்குமா, டாக்டர்?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். சந்தேகத்தின் பேரில் மருந்து ஆரம்பிக்கட்டுமா என்று அவர் கேட்டால், என் மாதிரித் தெருவில் பார்த்த முகத்தை நினைத்துக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். 'காத்திருந்தால் என்ன ஆகும்?' என்பதையும் அவரிடமே கேளுங்கள். நான் கேட்கவில்லை.

புறப்படும்போது அவள் காந்தத்தை எடுத்துவிட்டாள். தெளிந்திருந்த பாத்திரத்தை இலேசாக ஆட்டினாள். மறுபடி மையாகக் கலங்கிவிட்டது.

"அடடா!" என்றேன்.

"திரும்ப வச்சா திரும்பத் தெளியும் மாமா. நீங்களே வச்சுப் பாருங்க" என்று காந்தத்தை என் கையில் கொடுத்தாள்.

வைத்துக்கொண்டு நின்றேன். தெளிகிறவரைக்கும் அவளும் கூட நின்றாள்.